ஐந்துக்கு ஐந்து

அன்புள்ள அம்மாவுக்கு, சியாலே பணிவுடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே போகிறீர்களா?

இங்கே பிரிஸ்பேனில் சின்னதாக ஒன்று நடந்தது, கவலைப்படாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் புதன்கிழமைதோறும் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் க்வென் டீச்சரைப் பற்றி எழுதியிருந்தேனே. போன மாதம் பல்கலைக்கழகத்தின் தர மதிப்பீட்டுக் குழு ஒரு படிவம் கொடுத்து, படிப்பில் என்ன சிரமம், என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். நம் டோங்காப் பெண் விகா, "விருந்துக்குப் போன வீட்டுல உப்பு பத்தலன்னு சொல்லுவியாடி? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்க" என்றாள். அந்த வகுப்பில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் ஒன்பது பேரும் 'ஒரு குறையும் இல்லை, நன்றி' என்று எழுதி, ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்தோம்.

நேற்று அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். கேட்கப் போனால் அலுவலர் எங்கள் படிவங்களையே எடுத்துக் காட்டினார். "சிரமமே இல்லைன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு வகுப்பு?"

க்வென் டீச்சர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு வரி எழுதியிருக்கலாமே, சியாலே" என்று மட்டும் சொன்னார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பெரியவர்கள் முன் மரியாதைக்குக் கட்டும் என் இடுப்புப் பாயைக் கொடுத்தனுப்புங்கள். அதைக் கட்டாமல் அவர் வாசலில் போய் மன்னிப்புக் கேட்க முடியாது. பூ போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் ஒரு புட்டி. இங்கே என் தலைக்கு நானேதான் தேய்த்துக்கொள்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. அங்கே நன்றாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு குறையும் இல்லை, அம்மா.

சியாலே