சின்னத்துரை தரித்த வெற்றிலை

பாலோ,
பவ வருஷம் கார்த்திகை 12

ஈப்போ ரயில்வே லயத்தில் கொலுவிருக்கும் சந்திரமதி மகாராணிக்கு, பாலோ தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் சக்கரவர்த்தியும் உன்னை வளர்த்த தாய்மாமனுமாகிய சதாசிவம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை வெள்ளையம்மாவும் ஆண்டவன் போட்ட மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஜெயபாலனும் சௌக்கியம்தானா என்று மறு தபாலில் இரண்டு வரி போடவும். நிற்க. இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன், முருகன் மேல் ஆணையாக இதை எவனும் நம்பமாட்டான், நீயும் நம்பாதே.

மானேஜர் துரைசாணி சீமைக்குக் கப்பலேறும்போது, பங்களாவில் ஆயா வேலை பார்த்த உனக்கு இனாமாகக் கொடுத்துப் போனாளே அந்தக் கினிப்பன்றி, வாலில்லாத எலி மாதிரி, பங்களாவிலிருந்து வந்ததால் சின்னத்துரை என்று நாமே பட்டம் கட்டினோமே, அதன் கதைதான். நீ கல்யாணமாகிப் போனபின் அதற்கு ராஜயோகம் பிறந்துவிட்டது. சாயங்காலம் நான் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், அது வீய் வீய் என்று போடுகிற கூச்சலில் குளுவாங் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். வெளியே விட்டால் எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை தரித்துக்கொள்ளும், சுண்ணாம்பு குறைந்தால் என்னை ஏசும், சிவந்த வாயோடு அது துப்பினால் மூன்றாம் லயத்துச் சுவரில் போய் அடிக்கும். லயத்து ஜனம் மலாய்க்காரர் வியக்கிற மாதிரி அலமாக் அலமாக் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். உன் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வாயில்லா ஜீவனுக்கு எதுக்குங்க இந்தக் கூத்து, அந்தப் பொண்ணு வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க என்றாள். எனக்குக் கூட்டம் சேர்ந்தால் போதும், உனக்குத் தெரியாததா.

ஐப்பசி மழை பிடித்த வாரம் சின்னத்துரைக்கு நீர் அடைத்துக்கொண்டது. முதலில் கூண்டுத் தட்டில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது, பிறகு அதில் ரத்தம். முதுகைக் கூனிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடும், விடும்போது ஒரு சத்தம் போடும் பாரம்மா, அது வெற்றிலைப் பெட்டிக்குப் போடுகிற சத்தம் இல்லை, மெல்லிசாக ஊசி ஏறுகிற மாதிரி. அடிவயிற்று மயிரெல்லாம் நனைந்தே கிடந்து தோல் வெந்துபோனது, அத்தை வெந்நீர்த் துணியால் ஒற்றியெடுத்தாள். நான் வாழைத்தண்டு இடித்துப் பிழிந்தேன், நெருஞ்சிமுள் கஷாயம் ஒன்பது அண்டா காய்ச்சினேன், அது குடித்தது அரைப் பாலாடை. மூன்றாம் நாள் புல்லையே தொடவில்லை. சட்டைக்குள் வைத்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயாசாமியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆளுங்களுக்கே மருந்து பத்தல, எலிக்கு வைத்தியமா என்று ஏசினார், ஏசிக்கொண்டே அடிவயிற்றை இரண்டு விரலால் தடவினார். நீர்ப்பையில கல்லு இருக்குய்யா, இத்தனூண்டு உடம்பை அறுத்தா தாங்காது, என்னா தின்னக் குடுத்தே என்றார். புல்லுதான் என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மடியில் கிடந்தது. அத்தை வெற்றிலைப் பெட்டியைத் திறந்த சத்தத்துக்குக் காதை ஒரு தடவை அசைத்தது, அவ்வளவுதான்.

சவ ஊர்வலம் தெப்ராவ் வரை நீண்டது, ஜொகூர் முழுக்கக் கடையடைப்பு, நாலு யானை தேம்பித் தேம்பி அழுதன, ஐயாசாமி வயிற்றைக் கீறி எடுத்த கல்லைப் பார்த்து லெடாங் மலை வெட்கப்பட்டுத் தலை குனிந்தது.

தைப்பூசம் கழித்து வந்து சின்னத்துரையை ஈப்போவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மாமா கையில் விட்டால் பயமில்லை என்று ரயிலேறும்போது நீ சொன்னதையும் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் கடிதமாக, புலி வந்து அதைக் கவ்விக்கொண்டு போனதாகவும் நான் புலி வாலைப் பிடித்துத் தொங்கியதாகவும் நாலு பக்கம் எழுதி அத்தைக்கு வாசித்தேன். அவள் காகிதத்தை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் காட்டுங்க உங்க கூத்தை, அவகிட்ட வேணாம் என்றாள்.

மழைக்காலம், தண்ணீர் காய்ச்சிக் குடி, வேலை வேலையென்று நீரை அடக்காதே. நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து, வயிறு நிறைந்து வாழவேண்டும். வரும்போது கூண்டைத் தேடாதே, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

யானை பொய். ஊர்வலம் பொய். அது துப்பவும் இல்லை, அதன் வாய் சிவக்கவும் இல்லை. அந்த வெற்றிலைக் கதையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் மெய். ஐந்து மாதம், தினம் ஒரு வெற்றிலை, ஜனம் சிரிப்பதற்காகச் சுண்ணாம்பு தடவி நான்தான் ஊட்டினேன். முதல் நாள் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐயாசாமி கீறி எடுத்த கல் கொண்டைக்கடலை அளவு இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிர்கிறது. எதனால வந்துச்சோ யாரு கண்டா என்கிறார் ஐயாசாமி. அவரிடம் புல் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

உன் மாமன்
சதாசிவம்