அம்பாசிடரும் பள்ளிக்கூடத்துக் காந்தமும்

8.6.84, வெள்ளி
எட்டாம் வகுப்பில் எழுபத்திரண்டு பேர், பெஞ்சு பதினாறு. அதைச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் கார் வாங்கப் போகிறாராம். சைக்கிளுக்குக் காற்றடிக்கவே என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிற மனிதர்.

அரியலூரில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் சாமிதுரை அண்ணன், இவருடைய அக்கா பாப்பாத்தி அண்ணியின் வீட்டுக்காரர், தன் பழைய அம்பாசிடரைத் தள்ளிவிடப் பார்க்கிறார். "தள்ளிவிட" என்று சொன்னதற்கு இவருக்குக் கோபம். குடும்பத்துக்குள்ளேயே கொடுக்கிறார் என்று சொல்ல வேண்டுமாம்.

பணத்துக்கு? என் அம்மா போட்ட நாலு வளையல். அதைச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்தார்.

10.6.84, ஞாயிறு
கார் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

புதுப் பச்சைப் பெயிண்ட், வாடைகூடப் போகவில்லை. இவர் மூன்று சுற்று வந்தார். டயரை உதைத்தார். பானெட்டைத் திறந்து எட்டிப்பார்த்து "ம்" என்றார். என்ன தெரிந்ததோ! அப்புறம் நான், அண்ணி, பிள்ளைகள் என்று ஏழு பேரையும் உள்ளே ஏற்றி அமுக்கிப் பார்த்தார். எல்லோரும் அடங்கினோம்; மூச்சுதான் வெளியே நின்றது.

கடைசியாகக் கதவு. சாத்தினார் — டப். திறந்து மறுபடி — டப். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்தக் காலத்து இரும்பு, ஜானகி. சத்தத்தைக் கேளு."

நான் இறங்குவதற்கு இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. கதவின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் மேடும் பள்ளமுமாக இருந்தது. சிமெண்ட் கடைக்காரர் வண்டி ஆயிற்றே என்று ஒரு நினைப்பு ஓடியது. வாயைத் திறக்கவில்லை. அண்ணி வைத்த கோழிக்குழம்பு நன்றாக இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

13.6.84, புதன்
ஆய்வகத்திலிருந்து சட்டக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். பதிவேட்டில் எழுதவில்லை. அறிவியல் டீச்சர் செய்கிற காரியமா இது?

17.6.84, ஞாயிறு
அட்வான்ஸ் கொடுக்கப் போனோம். எல்லோரும் உள்ளே இருந்த நேரம், இவரை மட்டும் காரருகே கூப்பிட்டேன். கூரையில் காந்தம் ஒட்டியது. கதவின் மேல்பாதியிலும் ஒட்டியது. கீழ்பாதியில் வைத்தேன், கையில் விழுந்தது. நாலு கதவிலும் அப்படியே.

காந்தம் பழசு என்றார். மறுபடி கூரையில் வைத்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தார். "உன் வளையல்லகூடத்தான் ஒட்டாது. அதுக்காக அது சிமெண்டா?"

சிரித்துவிட்டேன். பதினாலு வருஷத்தில் இவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பதில், அதுவும் என் வளையலுக்கு எதிராக.

"சிமெண்ட் வேணும்னா மூட்டையா வாங்கிக்கலாங்க," என்றேன்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தால் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. துரு தின்ற ஓட்டையெல்லாம் கடைச் சரக்கைக் குழைத்து அடைத்திருக்கிறார்கள். பொடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அக்காதான் என்னைப் படிக்க வெச்சுது. அது மொகத்தப் பாத்து எப்படி வேணாங்கறது?"

படிக்க வெச்சது அவங்க. வளையல் போட்டது எங்கம்மா. நடுவுல இந்த ஓட்டக் கதவு எதுக்கு? எனக்கு வந்த ஆத்திரத்தில், "நான் ஒத்துக்கலன்னு சொல்லிடுங்க. பழி என்மேலயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று மறுத்திருக்கலாம். நேரே உள்ளே போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஜானகி ஒத்துக்கல," என்றார்.

கிளம்பும்போது "வரேன் அண்ணி" என்றேன். அண்ணி தம்பியிடம் மட்டும் பேசினார்.

2.9.84, ஞாயிறு
அண்ணி பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை இவர் பெயருக்கு மட்டும் வந்தது. போய்விட்டு வந்தார். யாரும் என்னைக் கேட்கவில்லையாம். அந்தக் காரை உடையார்பாளையத்தில் யாரோ வாங்கிவிட்டார்களாம். பாவம், யார் பெற்ற பிள்ளையோ.

அழுதேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அழுதேன், ஏனென்று தெரியவில்லை.

14.12.84, வெள்ளி
ஆய்வகச் சாமான்களைச் சரிபார்த்தோம். காந்தம் ஒன்று குறைகிறது. நான் எடுத்ததுதான். எங்கே வைத்தேன்?

15.12.84, சனி
டாக்ஸி ஓட்டும் சைபுல்லா பாயைக் கடைத்தெருவில் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, சார் விலைக்கு வர்ற காரையெல்லாம் காந்தம் வெச்சுப் பாக்குறாரு. இதோட ஆறு வண்டி. ஒட்டலன்னா, 'எங்கூட்டம்மா ஒத்துக்காதுங்க'ன்னுட்டு சைக்கிள எடுத்துடறாரு."

வீட்டுக்கு வந்து இவர் ஆபீஸ் பையைத் திறந்தேன். கைக்குட்டையில் சுற்றி, சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. முனையில் துருத் தூள், வெள்ளையும் கறுப்புமாகப் பெயிண்ட். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

17.12.84, திங்கள்
பதிவேட்டில் எழுதினேன்: சட்டக் காந்தம் ஒன்று — உபயோகத்தில் உள்ளது.