உன் அப்பா இன்னும் விமான நிலையத்தில்தான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். உன் அப்பா சுகமா என்பதை நீ அவருக்கே போன் போட்டுத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர் என்னோடு இல்லை. பதறாதே, முழுக்கப் படி. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் கடலோரம் இருந்துவிட்டு வாருங்கள் என்று ஆசை ஆசையாய் டிக்கெட் போட்டுக் கொடுத்தாய். எனக்கு அது வெறும் ஊர்சுற்றல் இல்லையடி. கல்யாணமான புதிதில் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றவர், பஸ் ஸ்டிரைக் என்று டிப்போ வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார், அப்புறமும் நான் பெட்டி கட்டும்போதெல்லாம் அவருடைய டிரைவர் சங்கத்துக்கு ஒரு போராட்டம் வந்துவிடும். இப்போதுதான் ஓய்வு பெற்றுவிட்டாரே, இனி யார் தடுப்பது என்று கிளம்பிப் போனால், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரும் வேலைநிறுத்தம். பயணிகள் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, உன் அப்பா முகத்தில் மட்டும் கல்யாணக் களை.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. விமானம் ரத்தானால் வேறு விமானமோ டிக்கெட் பணமோ கேள், காத்திருக்கும் வரை சாப்பாடும் அறையும் அவர்கள் பொறுப்பு, டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது, கெஞ்சாதே, கேள் என்றாயே. அப்படியே கவுண்டரில் நின்று கேட்டேன், அங்கிருந்த பெண்ணும் மறுபேச்சில்லாமல் அறைச் சீட்டை நீட்டினாள். பின்னாலிருந்து உன் அப்பா வந்து, “தொழிலாளி வயித்துல அடிக்கிற கம்பெனியோட சோறு எங்களுக்கு வேணாம்மா” என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதோடு வெளியே போய்ப் போராட்டக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டார், அவர்கள் கோஷத்தில் எதுகை சரியில்லையாம், திருத்திக் கொடுத்தாராம்.

நான் விடுவேனா? இரண்டு பெட்டியையும் உருட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கே போனேன். அவர்கள் தலைவர் ஒரு பெண், பழக்கதோஷத்தில் என் பெட்டியைத் தூக்கிவிட்டு, ஸ்டிரைக் ஞாபகம் வந்து கீழே வைத்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் உன் அப்பாவிடம், “என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க, உங்க உரிமைய விட்டுக்கொடுத்தா கம்பெனிக்குத்தானே லாபம், சோறும் ரூமும் கேட்டு வாங்குங்க, செலவு கையக் கடிச்சாத்தான் பேச வருவாங்க” என்றாள். உன் அப்பா எழுந்து நேரே கவுண்டருக்குப் போய், தான் திருப்பிக் கொடுத்த சீட்டைக் கேட்டு வாங்கிவந்தார்.

அதற்கப்புறம்தான் வினையே. பயணிகள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார். அறை கிடைத்தது, தலையணை மெல்லிசு என்று மனு, டீ ஆறிப்போயிருக்கிறது என்று கண்டனம். புதிதாகக் கல்யாணமாகி ஊர் பார்க்கக் கிளம்பியிருந்த ஒரு பையனைச் செயலாளராக்கிவிட்டார், அவன் பெண்டாட்டி மூலையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஸ்டிரைக் முடிந்தது, அவர்களுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்களாம், நல்லது. விமானம் தயார், ஏறுங்கள் என்றார்கள். உன் அப்பா நாற்காலி மேல் ஏறிக்கொண்டு, வீணான நாளுக்குப் பதில் சொல்லாமல் ஒருவரும் ஏறமாட்டோம் என்கிறார். பயணிகள் ஸ்டிரைக்! எங்கேயாவது உண்டா இது? கூட்டமும் கைதட்டுகிறது. உன் சித்தப்பா ஸ்டிரைக் சமயத்தில் ஒரே ஒரு நாள் வண்டி எடுத்ததற்குக் கருங்காலி என்று பெயர் வைத்து, கூடப்பிறந்தவர் வீட்டில் இன்றுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன் உன் அப்பா. அது தெரிந்தும் அவர் கண் முன்னாலேயே பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். கைதட்டல் நின்றுபோனது. எங்கே போகிறாய் என்றார், கடலுக்கு என்றேன். பின்னாலேயே அந்தப் புதுப்பெண்ணும் ஏறிவிட்டாள்.

இப்போது கடல் என் எதிரே இருக்கிறது. காலை நனைத்ததும் அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் அவர் இல்லையே என்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சற்று முன்னால் போன் செய்தார். கோரிக்கை வெற்றியாம், நாளைக்கு வருகிறாராம், வீணான நாட்களுக்கு ஈடாகக் கடலோர அறையைக் கம்பெனியே நீட்டிக் கொடுக்கிறதாம், ஆனால் போராடியவர்களுக்கு மட்டும்தானாம், கருங்காலிகளுக்குக் கிடையாதாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பரவாயில்லை, என் அறையில் ஒண்டிக்கொள் என்றார். நான் ஒரு நிபந்தனை போட்டேன், திரும்பி வந்ததும் உன் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், ஒரு கருங்காலியோடு குடித்தனம் நடத்துகிறவர் இன்னொரு கருங்காலி கொடுக்கிற டீயைக் குடிக்கலாம் என்றேன்.  அதற்கு அவர், சங்கத்தில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வீட்டில் அவருக்குச் சங்கமே நான்தானே!

நீயும் மாப்பிள்ளையும் எங்கே போனாலும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வர வேண்டும், கண்ணு, அதுதான் என் ஆசீர்வாதம். நீங்கள் நம் ஊருக்கு வரும்போது எந்த விமானம் என்று அப்பாவிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
நம் குடும்பத்தின் இரண்டாவது கருங்காலி,
உன் அம்மா