மூன்று நிமிடப் பேச்சும் உன் முறிந்த காலும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பதை ஒரு மாநாட்டு மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவளுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. உங்ககிட்ட சொன்னது என் தப்பும்மா என்று ஒரு வரி அனுப்பினாய், அதோடு சரி. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, நான் சமாதானம் சொல்ல வரவில்லை, நடந்ததை என் வாயாலேயே நீ கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உலகத் தொழிலாளர் மாநாட்டுக்குப் போன நம் நாட்டுக் குழுவில் மூன்று தரப்பு என்று உனக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தொழிலாளர் துறை அதிகாரி, முதலாளிகளுக்குப் பிஸ்கட் கம்பெனிக்காரர், தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் உன் அம்மா. ஒரே விமானம், ஒரே ஹோட்டல், கூட்டத்தில் மட்டும் அவரவர் பேச்சு, அவரவர் ஓட்டு. அதிகாரி யார் பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். பிஸ்கட்காரரைப் பற்றிக் குறை சொல்ல முடியாது, விமானத்தில் எனக்குக் காது அடைத்தபோது பையைத் துழாவி மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அங்க போயும் துணி மடிக்க உக்காந்துடாதே என்று உன் அப்பா கேலி செய்துதான் அனுப்பினார், நானும் ஹோட்டல் அறையில் முதல் வேலையாகத் துண்டுகளைத்தான் மடித்து வைத்தேன்.

போனில் ஆப் வைத்து வேலை வாங்குகிறார்களே, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஓடுகிற உன்னைப் போன்றவர்கள், அவர்களைப் பற்றித்தான் எங்கள் கமிட்டி. அடிபட்டுப் படுத்திருக்கிறவரை ஆப்பிலிருந்து நீக்கக் கூடாது என்று ஒரு வாக்கியம், அது இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அன்றைய சண்டை. எனக்கு மூன்று நிமிடம். எழுதி எடுத்துப் போன பேச்சில் நீ இல்லை, சத்தியமாக இல்லை. எனக்கு முன்னால் பேசிய பிஸ்கட்காரர், எங்க நாட்டுல அப்படி ஒருத்தருக்கும் நடந்ததா நான் கேள்விப்படலை என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் பிள்ளைக்கு நடந்தது என்று ஆரம்பித்துவிட்டேன். மழையில் பைக் சறுக்கியது, கால் எலும்பு முறிந்தது, கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போதே ஆப் உன்னைத் தூக்கியது, ஊரிலிருக்கிற பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாதென்று வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிப் பேசுகிறாய் என்பது வரை ஒன்றையும் விடவில்லை. முடித்தபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இடைவேளையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து என் பேச்சை மொழிபெயர்த்த பெண் தேடிக்கொண்டு வந்து, பையனுக்கு இப்ப கால் எப்படிம்மா இருக்கு என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாதவள் உன் காலை விசாரிக்கிறாள், நம் வீட்டில் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற உன் மனைவிக்கு அது தெரியாது. அவளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று நீ சொன்னாய், முடிந்த பிறகும் தள்ளிப் போட்டோம். நான் உன்னிடம் கிளம்பி வந்தால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று நீ தடுத்தாய், மாநாட்டுக்குப் பெயர் கொடுத்திருந்த எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ஏன் அத்தை அவர் எப்பவும் படுத்துக்கிட்டே பேசறார் என்று அவள் கேட்டபோது, அவன் சோம்பேறி என்று சொல்லிச் சிரித்தவள் நான்.

என்னை அரிப்பது இன்னொன்று. சலவைக்கூடத்தில் யார் புகார் கொண்டு வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, உன் விஷயத்தை வெளியே சொல்லலாமா என்பதுதான். கொதிநீர் பட்டுக் கை வெந்தவள் வேண்டாம் என்றபோது நிர்வாகத்தின் முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சங்கத்துக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். எல்லோரிடமும் கேட்டவள் உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. என் பிள்ளைதானே, என்ன சொல்லிவிடப் போகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் ஊர் திரும்புவதற்குள் சங்கத்துக்காரர்கள் பெருமையாக அந்தப் பேச்சைப் போனில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போன உன் மனைவியிடம் மருந்துக்கடைக்காரர், வீட்டுக்காரருக்குக் கால் தேவலையா என்று கேட்டிருக்கிறார். ஆமாம், தேவலை என்று அங்கே சமாளித்துவிட்டு வந்தாளாம். நான் வந்து பெட்டியைக் கீழே வைத்ததும், எப்பலேர்ந்து அத்தை என்று கேட்டாள். சொன்னேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் இந்த வீட்டு ஆள்னு நெனச்சிட்டிருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் அப்பா அன்று முழுக்க என்னைக் கேலி செய்யவில்லை, அதிலிருந்தே வீடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்.

அந்த வாக்கியம் நிறைவேறிவிட்டது. தலையாட்டி அதிகாரிகூட ஆதரவாக ஓட்டுப் போட்டார். பிஸ்கட்காரர் எதிர்த்துத்தான் போட்டார், ஆனால் திரும்பி வரும்போது உன் ஊரில் நல்ல எலும்பு டாக்டர் ஒருவரின் நம்பர் எழுதிக் கொடுத்தார், இதனுள் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். அந்த வாக்கியத்தால் நாளைக்கு எத்தனை பிள்ளைகள் பிழைப்பார்களோ, சந்தோஷம்தான். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீயே சொல்லச் சொல்லியிருப்பாயோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள நான் வழி வைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

உன் மனைவி வெள்ளிக்கிழமை ரயிலில் உன்னிடம் வருகிறாள். இந்தக் கடிதம் அதற்கு முன்பே கூரியரில் உனக்கு வந்துவிடும். இந்த முறை கேட்டுவிட்டேன். அவளைப் பற்றியும் இதில் எழுதியிருக்கிறேனே, அனுப்பலாமா என்று அவளிடமே கொடுத்தேன். சமையல் மேசையில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். அவளைப் பற்றிய ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னாள், மேலே நீ பார்த்திருப்பாய், அடித்திருக்கிறேன். நீ அவளிடம் எதையும் சமாளிக்கப் பார்க்காதே, அவள் திட்டினால் வாங்கிக்கொள். கட்டுப் பிரிக்கும் முன் மாடிப்படி ஏறாதே. கோபம் ஆறினால் அம்மாவுக்கு ஒரு போன் போடு, ஆறாவிட்டால் அப்பாவுக்காவது போடு. நீங்கள் இருவரும் நூறாண்டு சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

உறையை ஒட்டப் போனபோது அவள் நிறுத்தி, கடைசியில் ஒன்று எழுதச் சொன்னாள். நான் வந்து கதவைத் தட்டும்போது எழுந்து வர வேண்டாம், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கட்டும், நானே திறந்துகொள்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவளே உனக்குப் போன் செய்வாள், அவள் போனையாவது எடு.

இப்படிக்கு,
உன்னிடம் கேட்காமல் பேசிவிட்ட
அம்மா