அப்பாவின் தென்னங்காணி

ஐப்பசி 10, திங்கள்

விடியலிலிருந்து தூறல். லாட்ஜில் துவைத்த போர்வை முப்பதும் காயவில்லை. வாங்க: சோப்பு, மகளுக்கு கிராஃப் நோட்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா போன். கடற்கரையில் இருக்கும் அப்பாவின் காணியை ஒரு சீனா கம்பெனி கேட்கிறதாம். கடல் அட்டை வளர்க்க, முப்பது வருஷக் குத்தகை. ரோடு வருமாம், அவள் மகனுக்கு வேலையாம். அங்கே பெரிய ஆட்கள் எல்லாரும் சரி என்றுவிட்டார்களாம். பாக்கி இன்னொரு வாரிசான என் கையெழுத்துதான். முடியாது என்றேன்.

"நாடே அவையள் சொல்லுறதைத்தான் கேக்குது. நீ ஆர் மறிக்க?"

"கையெழுத்து நாட்டுகிட்ட கேக்கலியே அக்கா. என்கிட்டதான கேக்கறாங்க."

போனை வைத்துவிட்டாள்.

ஐப்பசி 11, செவ்வாய்

இந்தியா கம்பெனி கேட்டால் கொடுப்பாயா என்று மகள் வம்புக்கு இழுத்தாள். மாட்டேன். முப்பது வருஷமாக இந்த ஊர்ச் சோறு. அதற்காக?

ஐப்பசி 12, புதன்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ். குத்தகைக்கு ஆட்சேபம் அனுப்ப, நான் அப்பாவின் மகள் என்று அகதி முகாம் பதிவு நகல் வேண்டும். கிளார்க் பழைய பதிவைப் புரட்டினார்.

"சொத்து எதுவும் இல்லன்னு உங்கப்பா எழுதிக் குடுத்துக்கிறாரும்மா."

படகில் வந்து இறங்கிய அன்று எழுதியது. நிலம் இருக்கிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். முகாமில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதினார்கள். அப்பா மேல் அப்படி ஒரு கோபம். பஸ்ஸில் அழுகை.

இந்த நகல் போனால் ஆட்சேபம் எடுபடாது. திருத்த மனு போடலாமாம். ஆனால் முகாமில் கட்டும் புது வீட்டு லிஸ்டில் என் பேர் இருக்கிறது. அங்கே நிலம் உண்டு என்று எழுதினால் அது நிற்குமா என்று அவரால் சொல்ல முடியாதாம். யோசித்துச் செய்யச் சொன்னார்.

ஐப்பசி 13, வியாழன்

கூரை ஒழுகல். இரண்டு குண்டான், ஒரு பக்கெட்.

புது வீட்டில் ஜன்னல் பக்கம் மேஜை வேண்டும் என்று மகள் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"எழுதிக் குடும்மா. நம்ம எடம்தான."

மேஜை பேச்சை எடுக்கவே இல்லை. பாவி, எடுத்திருக்கலாம்.

ஐப்பசி 14, வெள்ளி

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், பஸ்ஸெல்லாம் வேறு வழி. லாட்ஜில் லீவு இல்லை என்றார்கள், போட்டுவிட்டேன். வேங்கிக்காலுக்கு நடை.

திருத்த மனுவில் சொத்து விவரம்: கடற்கரைக் காணி ஒன்று. கிணறு ஒன்று. தென்னை பதினொன்று. இப்போது எத்தனை நிற்கிறதோ.

மரமெல்லாம் எழுத வேண்டியதில்லை என்றார் கிளார்க். நான் அழிக்கவில்லை.