பெரிய வெள்ளிக்கு மணி கிடையாது

திங்கள்

பின்னேரம் இடி. கடையிலிருந்து வந்ததும் முதல் வேலை, ரவுட்டர் வயரைப் பிடுங்கி வைத்தது. போன சித்திரையில் ஒன்று கருகியது போதும்.

அலுமாரி மேல் இருக்கும் பெட்டி இனித் தாங்காது. எட்டு வருடம். வாசல் லைட், தண்ணீர் மோட்டர், கேட் மணி, பின்மேட்டில் நட்ட மழைமானி, எல்லாவற்றையும் போன் ஆப்பிலிருந்து இயக்குவது அந்த ஒரே பெட்டி. கேட் மணிக்கும் மழைச் சைரனுக்கும் சேர்த்துக் கூரையில் ஒரே ஸ்பீக்கர். செய்த கம்பனி எப்போதோ கைகழுவிவிட்டது. ஆப் திறந்தால் பாதி நேரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நானே வாங்கிப் பூட்டியது என்பதால் திட்டவும் ஆளில்லை.

பெருமழைக்கு முன் மாற்ற வேண்டியவை:
- புதுப் பெட்டி
- மழைமானி வயர் (எலி)
- சைரனுக்குத் தனி ஸ்பீக்கர்

ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல மோட்டர பாருங்க. நேத்தும் டேங்க் நெறஞ்சி வழிஞ்சிச்சி" என்றாள். மனைவி சொல். மோட்டர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில்.

செவ்வாய்

வெயில், புழுக்கம். ரப்பர் மரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

கடையில் போன் ரிப்பேர் குவிந்து கிடக்கிறது. முதலாளி ரிஸ்வான் நானாவிடம் புதுப் பெட்டி பற்றிக் கேட்டேன். புதுவருசம் முடிந்துதான் கொழும்பில் கடை திறப்பார்களாம். அதுவரை பழையதைக் கிளற வேண்டாம் என்றார். நான் கேட்கும் ஆளா. சாப்பாட்டு நேரத்தில் ஆப்பைத் திறந்து அமத்திக்கொண்டே இருந்தேன். தொங்கியது.

திரும்பும்போது குசுமா அக்கா மறித்தார். என்னை மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி. எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்ட லய வரிசையின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறைதான். அவர் புருஷன் பியதாச அண்ணன் மரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து நடக்கமாட்டார். போன வருடம் பின்மேட்டில் வெடிப்பு கண்ட பிறகு என் கூரைச் சத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். மழை அளவு மீறினால் ஆப்பில் சிவப்பு, உடனே கூரையில் ஊளை. மூன்று முறை ஊளையிட்டது, மூன்று முறையும் அண்ணனைக் கதிரையில் உட்காரவைத்தபடியே தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். மண் வரவில்லை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"மாத்துற அன்னைக்கு சொல்லுங்க மல்லி. எங்களுக்கு நேரம் வேணும். அவர தூக்கணும்."

சொல்கிறேன் என்றேன்.

புதன்

மூன்று மணிக்கே இருட்டு. மழை மஞ்சள் வரை ஏறி நின்றது. சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்ததற்கு ஸ்டெல்லாவிடம் பேச்சு. பச்சை மிளகாய் முடிந்துவிட்டது. தலைவலி.

பெரிய வியாழன்

பாதம் கழுவும் பூசை. 'உன்னதங்களிலே' பாடும்போது எல்லா மணியும் அடித்து ஓய்ந்தது. இனி ஞாயிறு வரை கோயிலில் துக்கம், மணி இல்லை, மரக்கட்டையைத் தட்டுவதுதான்.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்ததும் டிங் டாங். ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கோயில்லயே அடிக்கிறதில்ல. நம்ம வீட்டுல மட்டும் அடிச்சா நல்லாவா இருக்கு?"

நியாயம்தான். கேட் மணியை மட்டும் நிறுத்தப் பார்த்தேன். ஆப்பில் அந்தப் பக்கம் திறந்தால்தானே. சுற்றுகிறது, சுற்றுகிறது. எரிச்சல் தாங்காமல் ஸ்பீக்கர் சத்தத்தையே பூச்சியமாக்கினேன். போன வருடமும் அப்படித்தான் செய்தேன், ஒரு துளி மழை இல்லை. சிவப்பு வந்தால் போனுக்கு வரும்தானே.

சனி. பள்ளிக்கூடம்.

துணி எடுக்க மட்டும் வீட்டுக்குள் விட்டார்கள். துணியோடு இந்த நோட்டும் வந்தது.

நேற்று, பெரிய வெள்ளி. காலையில் கஞ்சி மட்டும், ஒருசந்தி நோன்பு. இரண்டரைக்கு நானும் ஸ்டெல்லாவும் மேல் டிவிசன் கோயிலுக்கு. வாசலில் போனை அணைத்தேன். பாடுகளின் வாசகம் பாதியில் மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஃபாதர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. சிலுவையைத் தூக்கி வரும்போது மணிக்குப் பதில் கட்டையைத் தட்டினார்கள். டக், டக்.

அப்போதுதான் உறைத்தது.

எழுந்து ஓடினேன். வழியில் போனைப் போட்டேன். சிவப்பு. வந்து வெகு நேரம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா சும்மாவா சொன்னாள்.

லயத்தில் முன் காம்பராக்காரர்கள் கான் வாய்க்காலில் சேறு வருவதைப் பார்த்து இறங்கிவிட்டார்கள். குசுமா அக்கா மட்டும் வாசலில் நின்று என் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணன் கட்டிலில். கதிரையைத் தேட நேரமில்லை, போர்வையோடு இழுத்தோம். படி இறங்கும்போது பின்னால் மேடு சரிந்து வந்துவிட்டது. அண்ணனின் வலது கால் அகப்பட்டது. லயத்துப் பெடியன்கள் வந்து தோண்டி எடுத்தார்கள். உயிர் இருக்கிறது. காலைப் பற்றி ஆஸ்பத்திரியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காம்பரா இப்போது இல்லை.

ஸ்டெல்லா காதோடு, "நான் மணியத்தானே நிப்பாட்ட சொன்னேன்" என்றாள். ஆமாம். மணியைத்தான் சொன்னாள்.

உயிர்த்த ஞாயிறு

நல்ல வெயில். வெட்கங்கெட்ட வெயில்.

பூசையில் மணி அடித்தபோது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய மிஷின் கைவிட்டாலும் ஆண்டவர் கைவிடவில்லை என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பரிவோடு பார்த்தார்கள். வெளியே ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டினார்கள். பழசுதானே, நீங்க என்ன செய்வீங்க. மண்ணுக்குள் நான் போயிருக்கலாம் என்று இருந்தது.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு. குசுமா அக்கா அண்ணனுக்குத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவரும் அதையே தொடங்கினார்: பரண மிஷின், பழசுதானே, கவலப்படாதீங்க.

"மிஷின்ல பிழையில்ல அக்கா. நான்தான் சத்தத்த நிப்பாட்டினேன். எங்களுக்கு பெரிய வெள்ளிக்கு மணி அடிக்கக்கூடாது."

கோப்பையைக் கீழே வைத்தார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுவார், ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும் மல்லி. நான் மழைய பாத்திருப்பேன். உங்க கூரையத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

ரிஸ்வான் நானாவின் மெசேஜ். புதுப் பெட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டாராம்.