கல்லாங்குத்துக்குப் புதுப் பேர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் கொழுந்தன் சேகர் தொண்டூர் ரோட்டில் மனை போட்டு விற்கிறான். இன்று அந்த இடத்துக்கு 'குளிர்சோலை நகர்' என்று போர்டு வைத்துவிட்டான். எங்கள் எல்லோருக்கும் அது கல்லாங்குத்து. ஆடு கூட அங்கே நின்று மேயாது.

நான் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தபோது, செஞ்சியிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மனை பார்க்க வந்திருந்தார்கள். அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். "அக்கா, இங்க தண்ணி எப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டாள். பேசாதே என்று சேகர் கண்ணைக் காட்டினான்.

"இதுக்குப் பேரே கல்லாங்குத்துதாம்மா. போர் போட்டுப் பாத்தாங்க. புழுதிதான் வந்துச்சு" என்றேன்.

அவர்கள் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அண்ணி, உனக்கு இன்னா கேடு வந்துச்சு? இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று ரோட்டிலேயே கத்தினான் சேகர். கல்லை எடுத்து என் மாட்டின் மேல் எறிந்தான். எனக்கு எடுத்த கல்தான் அது.

"வேணும்னா உன் பேர மாத்திக்க. மண்ணோட பேர மாத்தி புள்ளத்தாச்சிய ஏமாத்தாத" என்றேன்.

சாயந்திரம் இவர் வந்தார். நடந்ததைக் கேட்டு அவனைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவன் பொழப்பு மட்டுமா போச்சு? அதுல என் பங்கும் இருக்குதுடி" என்றார்.

எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும். சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நான் எழுப்பவில்லை. நாளைக்கும் யாராவது வருவார்கள், கேட்பார்கள். இவரே பக்கத்தில் நின்றாலும் என் வாயில் வேறு பேர் வராது.